தாலி கட்டிய மறுநாள் ஆடிட்டிங் பேப்பர்

பாப்பா,

நீ உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறாய். நானும் வெளியே எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்கு அங்கே மேசையும் மின்விசிறியும் இருக்கும். எனக்கு இந்த மதுரைக் கல்லூரி வாசலில் ஒரு புங்கமரமும், அதன் அடியில் ஒரு சிமெண்டு பெஞ்சும், பையில் எப்போதும் கிடக்கிற காலண்டர் கழிவுத் தாள்களும் இருக்கின்றன. ஒரு பக்கம் அச்சாகி மறுபக்கம் வெள்ளையாய்க் கிடக்கிற தாளை வீணாக்க எனக்கு மனசு வராது என்பது உனக்குத் தெரியும். எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. தாளை மடியில் வைத்து எழுதுகிறேன். நேற்றுக் காலை உன் கழுத்தில் தாலி ஏறியது. இன்று மதியம் நீ ஹால் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு சி.ஏ. ஃபைனலுக்கு ஆடிட்டிங் பேப்பர் எழுத உள்ளே போய்விட்டாய். நம் வம்சத்தில் இப்படி ஒரு காரியத்தை யாரும் செய்ததில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற மாப்பிள்ளையிடம் சொல்லலாம் என்றால் அவர் பெஞ்சில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

வாசலில் அந்தக் காவலாளி உன் முழங்கை வரை இருந்த மருதாணியைப் பார்த்துவிட்டு, கல்யாணம் எப்போது என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ நிற்கக்கூட இல்லை. நேற்றே முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தாய். அவர் உன்னைப் பார்த்தார், கையில் காப்புக் கயிறோடு நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார், மறுபடி உன்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு இந்த மரத்தடியில் இருக்கிற எல்லோருக்கும் நான்தான் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேனியிலிருந்து மகனைக் கூட்டி வந்திருக்கிற ஓர் அம்மா கதையைக் கேட்டு முடித்ததும் தன் ஆரஞ்சுப் பழத்தில் பாதியை உரித்து என் கையில் வைத்துவிட்டார். மீதிப் பாதி மாப்பிள்ளைக்காம். அவர் எழுந்ததும் கொடுக்க வேண்டும்.

இத்தனை களேபரத்துக்கும் முதல் காரணம் நான்தான். தேதியைக் குறித்தவன் நான். வேறு தொழில் செய்கிற அப்பனாக இருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. சிவகாசியில் காலண்டர் அடிக்கிறவனுக்கு மட்டுமே வாய்க்கிற தப்பு இது. ஊர் உலகமெல்லாம் இந்த வருஷத்து ஆடியில் இருக்கும்போது நாம் அடுத்த வருஷத்து வைகாசியில் இருப்போம். எந்த நாள் முகூர்த்தம், எந்த நாள் அமாவாசை, எது வளர்பிறை எல்லாம் ப்ரூஃபாக நம் மேசைக்கு முதலில் வந்துவிடும். போன ஆனியில் உனக்கும் செந்திலுக்கும் பேசி முடித்தோமா, ஆடியில் ப்ரூஃப் வந்ததும் நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு கம்பெனி வைத்திருப்பவர்கள். தீபாவளி வரை லோடு போய்க்கொண்டே இருக்கும், மூச்சு விட நேரம் இருக்காது. தீபாவளி முடிந்து அவர்கள் காலை நீட்டும்போது நமக்குத் தலைக்கு மேல் வேலை. இரண்டு வீடும் சேர்ந்து ஓய்கிற மாசம் வைகாசிதான். நல்ல வளர்பிறை முகூர்த்தமாக ஒன்றைச் சுற்றிவிட்டு, அன்றைக்கே விருதுநகரில் மண்டபத்துக்கு ஓடினேன். மண்டபத்துக்காரர், அந்த வருஷமே இன்னும் என் காலண்டரில் வரவில்லையே அண்ணாச்சி என்று சிரித்தார். பையிலிருந்து ப்ரூஃபை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதோடு விட்டேனா? ஊரில் எல்லோரும் பத்திரிகையைக் கடைசியில் அடிப்பார்கள். நான் நம் மிஷின் சும்மா கிடக்கிறதே என்று தை பிறந்ததும் அடித்துவிட்டேன். பரீட்சை முகூர்த்தத்துக்கு முன்பே முடிந்துவிடும் என்று நீயும் நினைத்திருந்தாய், நானும் நினைத்திருந்தேன். பத்திரிகையைத் தங்க மை போட்டு அடுக்கி வைத்த வாரத்தில்தான் உன் அட்டவணை வந்தது. நீ அச்சகத்துக்கு வந்து மிஷின் பக்கத்தில் நின்றாய். நான் ஒரு பத்திரிகையை எடுத்து வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் சாய்த்து, மை மின்னுவதைக் காட்டிக்கொண்டிருந்தேன். நீ அதைப் பார்க்கவே இல்லை.

"அப்பா, முகூர்த்தத்துக்கு மறுநாள் எனக்குக் கடைசிப் பேப்பர்" என்றாய்.

அந்த ஒரு பேப்பரை விட்டால் அந்தக் குரூப்பில் உள்ள எல்லாப் பேப்பரையும் திரும்ப எழுத வேண்டும் என்று பிறகுதான் சொன்னாய். ஏற்கெனவே ஒரு தடவை கொஞ்சத்தில் தவறவிட்டதால் இந்த முறை எப்படிப் படித்தாய் என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் என் வாயிலிருந்து வந்தது என்ன? கல்யாணம் முடியட்டும் தாயி, அப்புறம் எழுதிக்கொள்ளலாம். உன் பெரியப்பாவும் அதையே சொன்னார். தேதியை மாற்றலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஊருக்கே நாள் சொல்லி விற்கிறவன் சொந்த மகளுக்குத் தப்பான நாள் பார்த்தான் என்று யாரும் சிரித்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு. நீ அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. வீட்டில் மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு உன் அறைக்குப் போனாய். அப்போதுதான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த உன் அம்மா, கத்தியைக் கீழே வைக்காமலேயே பேசினாள்.

"நான் பி.காம்ல ஒரு பேப்பரைப் பாக்கி வச்சிட்டுத்தான் இந்த வீட்டுக்கு வந்தேன். அப்புறம் எழுதிக்கலாம்னு அன்னைக்கும் நீங்கதான் சொன்னீக. அந்த அப்புறம் இன்னும் வரல."

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை பாப்பா. அவளுக்கு நினைவிருக்கிறது. எனக்கு உறைத்தது அதுதான். நல்ல மனசோடு சொல்லியிருப்பேன், அடுத்த நிமிஷமே மறந்திருப்பேன். அவள் அதன்பிறகு அவரைக்காய் நறுக்கி முடித்து அடுப்பைப் பற்ற வைத்தாள். மறுநாள் காலையில் நான் உன் அறைக்கு வந்து, கல்யாணமும் நடக்கும், பேப்பரும் எழுதுகிறாய் என்று சொன்னேன். எப்படி என்று நீ கேட்டாய். எனக்கு அது தெரியாது, ஆனால் எழுதுகிறாய் என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முட்டாள்தனம் செய்தோம். நீ போனை அணைத்து அலமாரியில் வைத்தாய். நான் டிவியை மாடிக்கு ஏற்றினேன். மல்லாங்கிணறிலிருந்து உன் தோழி உன்னைப் பார்க்க வந்தபோது, படிக்கிறாள் அம்மா என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். மாப்பிள்ளைக்கும் சொல்லிவிட்டேன், பரீட்சை முடிகிற வரை பாப்பாவைக் கூப்பிட வேண்டாம் என்று. உன் அறைக் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டு, யாரும் தட்டக் கூடாது என்று நானே காவலுக்கு உட்கார்ந்தேன். ஆமத்தூரிலேயே அமைதியான வீடு நம்முடையதாகத்தான் இருந்திருக்கும். மனுஷர்களை எல்லாம் வெளியே தள்ளிவிட்டால் உள்ளே படிப்பு தானாக நிறைந்துவிடும் என்று நினைத்தோம். நிறையவில்லை. நீ ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாய். சாப்பாட்டை அளைந்தாய். அம்மா ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தாய். உனக்குச் செந்தில் மேல் கோபமா, என் மேல் கோபமா, புத்தகத்தின் மேல் கோபமா என்று எனக்கே புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் பைக்கில் வந்து நின்றார். கையில் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம். உன்னைப் பார்க்க வரவில்லை, வழியில் வந்தேன் என்றார். ஏழாயிரம்பண்ணையிலிருந்து எந்த ஊருக்குப் போனால் ஆமத்தூர் வழியில் வரும் என்று நான் கேட்கவில்லை. உட்காரச் சொன்னேன். அவர் உட்காராமல் உன் அறையின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா உள்ளேயா இருக்கிறாள் என்று கேட்டார். ஆமாம், படிக்கிறாள் என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன்.

"எங்க கம்பெனியில வேலை நடக்குற ரூமுக்குக் கதவைச் சாத்தவே கூடாது மாமா. எந்நேரமும் தொறந்தே கெடக்கணும். உள்ள இருக்கிற ஆளு சட்டுனு வெளிய வரணும்ல. நீங்க ஆளை உள்ள வச்சி வெளிய தாழ் போட்டிருக்கீக" என்றார்.

மாப்பிள்ளை ஆகப்போகிறவர் இப்படிப் பேசினால் மாமனாருக்குக் கோபம் வர வேண்டும். எனக்கு வரத்தான் செய்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அச்சகத்துக்குப் போய்விட்டேன். அங்கே மிஷின் ஓடவில்லை, ஆள் இல்லை, எனக்கும் வேலை இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னது சரிதான் என்று தோன்ற ஆரம்பித்தது. வீட்டுக்குத் திரும்பினால் தெருவுக்கே உன் சத்தம் கேட்டது. கதவு விரியத் திறந்திருந்தது. நீ உள்ளே நாற்காலியில் இருந்தாய், அவர் வெளியே ஹாலில் காராச்சேவைத் தின்றுகொண்டு உன் புத்தகத்திலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஆடிட்டிங்கில் ஒரு வரி தெரியாது. தன் கம்பெனியையே உனக்குக் கணக்குப் பார்க்கக் கொடுத்துவிட்டார். குடோனில் இல்லாத சரக்கை இருக்கிறது என்று நான் சொன்னால் நீ எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று திருட்டு முதலாளி மாதிரி முறைத்தார். நீ எந்த ஆடிட்டிங் ஸ்டாண்டர்டு, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று அடுக்கினாய். அவர் விடாமல் வேறு ஒரு தில்லுமுல்லு செய்தார். நீ அதையும் பிடித்தாய். அம்மா அடுப்படியிலிருந்து உன் கட்சியில் சேர்ந்துகொண்டு சத்தம் போட்டாள்.

நம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பதும் இப்படித்தானே? ஒருத்தர் வாசிக்க வேண்டும், ஒருத்தர் பார்க்க வேண்டும். தனியாகப் பார்த்தால் கண் தன் இஷ்டத்துக்குத் தாண்டிப் போய்விடும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். நாலாம் வகுப்பு விடுமுறையில் நீ ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து திதியும் நட்சத்திரமும் வாசிப்பாய், நான் தாளில் பார்ப்பேன். அதே மனுஷன் உன்னைத் தனியாக உள்ளே வைத்துத் தாழ் போட்டேன். அன்றைக்குப் பிறகு அவர் சாயங்காலம் கம்பெனி விட்டு வந்ததும் போன் பண்ணுவார். திருட்டு முதலாளி அரைமணி நேரம் மாட்டிக்கொண்டு முழிப்பார். பிறகு போனை வைத்துவிட்டு நீ புத்தகத்துக்குத் திரும்புவாய். அந்த வாரமே மல்லாங்கிணறு தோழிக்கும் நானே போன் பண்ணி வரச் சொன்னேன். நீ சாப்பிட ஆரம்பித்தாய்.

ஆனால் ஒரு பெரிய வேலை மிச்சம் இருந்தது. சம்பந்தியம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார், நான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். சித்திரை பிறந்த பிறகுதான் ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். ஆட்களை இறக்கிவிட்டு வேன்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். கம்பெனி ஆபீஸில் சம்பந்தியம்மா ஒரு பக்கம் ஆர்டருக்குப் பதில் சொல்லிக்கொண்டு, ஒரு பக்கம் எனக்கு மோர் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் போன பிறகு அந்தக் கம்பெனியைத் தனி ஆளாக நடத்துகிறவர்கள். விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"எழுதுறதுல எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அட்டவணை வந்தப்பவே தெரிஞ்சதை இப்ப வந்து சொல்றீகளே. நாங்க என்ன அம்புட்டு வேத்து ஆளா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர்களுக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. தாலி கட்டிய மறுநாள் அந்த ஊரே புதுப்பெண்ணைப் பார்க்க வீட்டுக்கு வரும். பெண் எங்கே என்று கேட்டால் பரீட்சைக்குப் போயிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? எத்தனை வாய்க்கு எத்தனை பதில்? ஒரு வேன் டிரைவர் வந்து ஏதோ கேட்டார், அனுப்பிவிட்டார்கள். போன் அடித்தது, எடுக்கவில்லை. நான் எழுந்துவிடலாமா என்று நினைத்தபோது, மறுவீட்டுக்கு என்றைக்கு அழைப்பதாக இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வழக்கம்போல மூன்றாம் நாள் என்றேன்.

"முகூர்த்தத்தன்னைக்கே வச்சிக்கிடுவோம். மதியம் எங்க வீட்டுல விளக்கேத்தி, பாலும் பழமும் சாப்பிடட்டும். சாயங்காலம் ரெண்டு பேரையும் மறுவீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. மறுவீட்டுக்குப் போன பொண்ணு எங்கன்னு எவளும் கேக்க மாட்டா. அங்கன அவ ரூம் இருக்கு, மேசை இருக்கு. நிம்மதியாப் படிக்கட்டும்."

பாப்பா, எனக்கு அந்த இடத்தில் எழுந்து கைதட்ட வேண்டும் போல் இருந்தது. மறுவீடு என்று ஒன்று காலங்காலமாக இருக்கிறது. கறிச்சோறு போடுவதற்கும் வேட்டி சேலை எடுத்துக் கொடுப்பதற்கும்தான் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்குப் படிக்கப் பெண்ணைத் திருப்பி அனுப்புவதற்கும் அது உதவும் என்று அந்த அம்மாவுக்குத்தான் தோன்றியது. முன்பே போய்ச் சொல்லியிருந்தால் முன்பே தோன்றியிருக்கும். நாம்தான் அவர்களைத் தடங்கலாக நினைத்து ஒளிந்துகொண்டிருந்தோம். இதை நீ மனசில் வைத்துக்கொள். உன் வேலைக்கு இடைஞ்சலாக வருவார்கள் என்று யாரையும் சொல்லாமல் ஒதுக்காதே. சொல்லிப் பார். முகம் சுளிப்பார்கள், கொஞ்சம் பேசுவார்கள், பிறகு நமக்குத் தெரியாத ஒரு வழியை அவர்களே எடுத்துத் தருவார்கள். அதற்காக எல்லா விசேஷத்துக்கும் போய் நின்றுகொண்டிருக்கவும் வேண்டாம். வர முடியாது என்பதை நேரில் போய்ச் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு வந்தால் முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். கால்வாசிப் பேர் எப்படியும் குறை சொல்வார்கள், நீ போனாலும் சொல்வார்கள்.

நேற்று மேடையில் நீங்கள் அக்கினியை வலம் வரும்போது நீ அவர் காதில் ஏதோ முணுமுணுத்தாய். அவர் சிரித்துவிட்டார். ஐயர் திரும்பிப் பார்த்தார். என்னவென்று பிறகு அவரிடம் கேட்டேன். முந்தின நாள் உனக்குப் பதில் வராமல் விட்ட கேள்விக்கு அங்கே வைத்துப் பதில் சொன்னாயாம். நல்ல பெண்ணைப் பெற்றேன் போ. ஏழாயிரம்பண்ணையில் நீ விளக்கேற்றினாய், பால் குடித்தாய், பெரியவர்கள் காலில் விழுந்தாய். வெயில் தாழ்வதற்குள் காரில் ஏற்றி ஆமத்தூருக்குக் கொண்டுவந்துவிட்டோம். சம்பந்தியம்மா கார்க் கதவைச் சாத்தும்போது உன் புத்தகப் பையை அவர்கள் கையாலேயே உன் மடியில் வைத்தார்கள். மறுவீட்டு விருந்தில் நீ ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டுவிட்டு உன் அறைக்குப் போனாய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. உன் பங்குக் கறியையும் சேர்த்து மாப்பிள்ளை தலையில் கட்டிவிட்டாள் உன் அம்மா. இப்போது அவர் இப்படித் தூங்குவதற்கு அதுதான் காரணம்.

இன்றைய பேப்பர் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. நன்றாக எழுதுவாய் என்று மனசு சொல்கிறது. எப்படிப் போனாலும், எழுதினாய் என்பது நடந்துவிட்டது. இனிமேல்தான் வேடிக்கையே இருக்கிறது. நீ ஆடிட்டர் ஆனபிறகு புரட்டாசியை நினைத்துப் பார். உனக்குக் கணக்குத் தாக்கல் நெருக்கடி, அவருக்குத் தீபாவளி லோடு, எனக்குக் காலண்டர் சீசன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஓடுவோம். அந்த மாசத்திலும் ஒருவேளைச் சோறாவது நீயும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று வைத்தால் மிஞ்சவே மிஞ்சாது. அவர் தன் தொழிலைப் பற்றிப் புலம்பும்போது நீ கொஞ்சம் கேள்வி கேள், உனக்காக அவர் திருட்டு முதலாளியாக உட்கார்ந்தது போல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையில் உனக்கு எலுமிச்சைச் சாதம் கட்டும்போது அம்மா என்னிடம் ஒன்று கேட்டாள். அந்தப் பழைய பி.காம் பேப்பரை இப்போது எழுத விடுவார்களா என்று. சும்மா கேட்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். சும்மா கேட்கவில்லை. நீதான் விசாரித்துச் சொல்ல வேண்டும். அவளுக்கு ப்ரூஃப் வாசிப்பது மாதிரி புத்தகத்தை நான் வாசிப்பேன், அவள் பார்க்கட்டும். நினைக்கும்போதே எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

மணி அடித்துவிட்டது பாப்பா. தேனி அம்மா எழுந்து கேட்டுக்கு ஓடுகிறார். நீ பள்ளிக்கூடத்தில் எழுதிய பரீட்சையிலிருந்து இன்றுவரை வெளியே வந்ததும் கேள்வித்தாளை என் கையில்தான் கொடுப்பாய். எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் ஒவ்வொரு கேள்வியாக விரல் வைத்து, இது எழுதினேன், இது விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே நடந்து வருவாய். இப்போது மாப்பிள்ளையை எழுப்பி, முகத்தைக் கழுவச் சொல்லி, அந்த ஆரஞ்சைக் கையில் கொடுத்து கேட்டுக்கு அனுப்பப் போகிறேன். நான் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பேன். கேள்வித்தாளை இன்றைக்கு முதலில் அவரிடம் கொடு. எனக்கு அப்புறம் காட்டினால் போதும். இந்த அப்புறம் வரும் என்று எனக்குத் தெரியும்.

அப்பா